இல்லாத காலத்தின் பழைய காமிக்ஸ்

பக்கத்தைத் திறந்ததும் 1960களில் அமெரிக்கக் கடைகளில் தொங்கிய ஒரு காமிக்ஸைப் பார்ப்பது போலவே இருக்கும். சீரான கறுப்புக் கோடு, தட்டையான பளிச் வண்ணம், காதல் கதைப் புத்தகங்களில் வருவது போன்ற பெண் முகங்கள். கதாநாயகிகள் இருவர். ஒருத்தி, வெளிறிய தோலோடு ஒரு ஜோம்பி. இன்னொருத்தி, அறுபதுகளின் நவநாகரிக உடையில் ஒரு ஆவி. சரி, யாரோ பழைய புத்தகத்தை மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பதிப்பு விவரத்தைப் பார்த்தால், 2010 என்று இருக்கிறது.

இது ‘ஐஜோம்பி’. டிசி நிறுவனத்தின் வெர்டிகோ பிரிவு வெளியிட்டது. கிரிஸ் ராபர்சன் எழுத்து, மைக் ஆல்ரெட் ஓவியம், அவருடைய மனைவி லாரா ஆல்ரெட் வண்ணம். 2010 முதல் 2012 வரை 28 இதழ்கள் வந்தன. இதே பெயரில் பின்னால் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டுக் காமிக்ஸைத் தேடிப் போகிறவர்கள் முதல் பக்கத்திலேயே குழம்புகிறார்கள். ஏன் இது இவ்வளவு பழசாகத் தெரிகிறது? பழசு என்றால் எந்தப் பழசு?

இரண்டாவது கேள்விக்குள்தான் விஷயம் இருக்கிறது. ஏனென்றால் 1960களில் அமெரிக்கக் கடைகளில் இப்படியொரு வண்ணக் காமிக்ஸ் வந்திருக்கவே முடியாது. அன்றைக்கு ஜோம்பியை வரைவதற்கே தடை. காமிக்ஸில் இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலையும் வேறு. ஆக, ‘ஐஜோம்பி’ நடிப்பது நடந்து முடிந்த ஒரு காலத்தை அல்ல, நடக்கவிடாமல் தடுக்கப்பட்ட ஒரு காலத்தை. இது விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் அடியிலிருந்து வரவேண்டும்.

ஜோம்பி என்பது எது?

தமிழில் ‘நடைப்பிணம்’ என்று நாம் சொல்வது உயிரோடு இருப்பவரைத்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், எல்லாம் இழந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதர். உயிர் இருக்கிறது, வாழ்வு போய்விட்டது. ஜோம்பி இதன் தலைகீழ்: உயிர் போய்விட்டது, உடல் மட்டும் நடக்கிறது.

நம் கதைகளில் இதற்குக் கிட்டத்தில் இருப்பது வேதாளம். பிணத்துக்குள் புகுந்துகொண்டு விக்கிரமாதித்தன் தோளில் சவாரி செய்யும். ஆனால் வேதாளத்துக்குப் புத்தி கூர்மை. கதை சொல்லும், புதிர் போடும், ராஜா வாயைத் திறந்தால் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். ஜோம்பிக்குப் புத்தி என்பதே கிடையாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்று நாம் அறிந்த ஜோம்பி மூன்று தவணைகளில் உருவானது.

1. ஹைட்டி. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக மாண்டவர்களின் பூமி. செத்த பிறகும் ஒருவன் நம்மை எழுப்பி வயலில் வேலை வாங்குவான் என்ற அச்சத்திலிருந்து பிறந்தது இந்த உருவம். அமெரிக்கா 1915 முதல் 1934 வரை ஹைட்டியை ஆக்கிரமித்திருந்தது. அந்த ஆண்டுகளில், 1929இல், வில்லியம் சீபுரூக் எழுதிய பயணநூல் இந்தச் சொல்லை அமெரிக்க வாசகர்களிடம் பரப்பியது. ஹைட்டியின் ஜோம்பி யாரையும் கடிக்காது. அதற்காகப் பரிதாபப்படத்தான் வேண்டும், பயப்பட வேண்டியது அதை ஏவுகிறவனுக்கு.

2. 1968. ஜார்ஜ் ரொமேரோ எடுத்த சிக்கனமான கறுப்பு வெள்ளைப் படம். பிணங்கள் கூட்டமாக வருகின்றன, மனித மாமிசம் தின்கின்றன. படத்துக்குள் யாரும் அவற்றை ஜோம்பி என்று அழைப்பதில்லை. அந்தப் பெயரை ஒட்டவைத்தது பார்த்தவர்கள்தான்.

3. 1985. ஒரு நகைச்சுவைத் திகில் படம் ‘ஜோம்பி என்றால் மூளை தின்னும்’ என்ற வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. இன்று எல்லோரும் ஆதிகாலத்து ஐதீகம் போல நினைக்கும் இந்த மூளைப் பசிக்கு வயது அவ்வளவுதான்.

‘ஐஜோம்பி’யின் நாயகி க்வென் டிலன் மாதம் ஒரு மூளை சாப்பிடுகிறவள். அதாவது 1960களின் கோட்டோவியத்துக்குள் 1985க்குப் பிந்தைய ஒரு ஜோம்பி உட்கார்ந்திருக்கிறாள். கால வழு என்று யாராவது குறை சொன்னால், ஆமாம், வேண்டுமென்றே செய்த வழுதான்.

1954: நடைப்பிணத்துக்குத் தடை

1950இல் இசி என்ற நியூயார்க் நிறுவனம் மூன்று திகில் காமிக்ஸ்களைத் தொடங்கியது. விலை 10 சென்ட். கொலையுண்டவன் அழுகிய உடம்போடு எழுந்து வந்து கொன்றவனைப் பழிவாங்குவது அவற்றின் வாடிக்கையான முடிவு. வரைந்தவர்கள் கெட்டிக்காரர்கள், கதைகளில் குரூரமான ஒரு நியாயமும் இருந்தது. விற்பனை சூடுபிடித்ததும் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின.

இந்தக் கதைகளில் பெண்ணுக்கு என்ன இடம் என்று பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் இரண்டே வேடங்கள். ஒன்று, புருஷனைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுகிற மனைவி. மற்றது, பிணமாகிற மனைவி. நடைப்பிணமாகத் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிற வாய்ப்புகூட அதிகமாக ஆணுக்குத்தான்.

அப்புறம் வந்தது 1954. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர் புத்தகம் எழுதினார். அமெரிக்கச் செனட்டின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. ஏப்ரல் 21 அன்று இசியின் உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ் சாட்சி சொல்ல வந்தார். செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒருவன் ஒரு கையில் ரத்தக் கோடரியும் மறுகையில் ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலையுமாக நிற்கிறான். இது நல்ல ரசனையா என்று கேள்வி. திகில் காமிக்ஸ் அட்டைக்கு இது சரிதான், கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரியும்படி தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்திருந்தால்தான் மோசம் என்கிற தோரணையில் கெய்ன்ஸ் பதில் சொன்னார். அந்தப் பதிலோடு திகில் காமிக்ஸின் கதை முடிந்தது என்றே சொல்லலாம். விவாதம் முழுக்க அந்தத் தலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைப் பற்றி. தலைக்குரியவள் யார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அரசு சட்டம் போடுவதற்கு முன் பதிப்பாளர்களே முந்திக்கொண்டார்கள். அவர்களுடைய சங்கம் 1954 அக்டோபர் 26 அன்று ஒரு விதித்தொகுப்பை ஏற்றது. ‘காமிக்ஸ் கோட்’ என்று பெயர். அதன்படி:

1. தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்கள் கூடாது.

2. நடைப்பிணம், சித்திரவதை, ரத்தக்காட்டேரி, பிணந்தின்னி, நரமாமிசம், ஓநாய் மனிதன் ஆகியவை வரும் காட்சிகள் கூடாது. பட்டியலில் முதலில் நிற்பது நடைப்பிணம் என்பதைக் கவனியுங்கள்.

3. காதல் கதைகள் குடும்பத்தின் மேன்மையையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். விவாகரத்தை வேடிக்கையாகவோ விரும்பத்தக்கதாகவோ காட்டக்கூடாது.

இரண்டாம் விதி ஜோம்பியைக் கொன்றது எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் விதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பெண்களை மையமாக வைத்த காமிக்ஸ் வகை என்றால் அன்று முதன்மையாகக் காதல் கதைகள்தான். அங்கே பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட முடிவு ஒன்றே ஒன்று, கல்யாணம். ஆக ஒரே ஆவணம் ஜோம்பியின் கதையையும் முடித்தது, நாயகியின் கதை எங்கே முடிய வேண்டும் என்பதையும் எழுதிக்கொடுத்துவிட்டது.

இந்தத் தொகுப்புக்குச் சட்டபலம் எதுவும் கிடையாது. ஆனால் அட்டையின் மூலையில் தபால்தலை போன்ற அந்த ஒப்புதல் முத்திரை இல்லாவிட்டால் மொத்த விநியோகஸ்தர்கள் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். அது போதுமானதாக இருந்தது. இசியின் திகில் இதழ்கள் நின்றன.

இந்த இடத்தில் ஒரு சிறு வேடிக்கை. அமெரிக்கப் பிள்ளைகளின் கண்ணில் நடைப்பிணம் பட்டுவிடக்கூடாது என்று அங்கே காவல் காத்த அதே பத்தாண்டுகளில், இங்கே அம்புலிமாமாவில் மாதம் தவறாமல் ஒரு ராஜா பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சுடுகாட்டில் நடந்தான். பிணம் நீதி கேட்டது. பிள்ளைகள் படித்துவிட்டுத் தூங்கப் போனார்கள்.

சந்து பொந்துகள்

தடை என்று ஒன்று வந்தால் சந்தும் வரும். ஜோம்பி பின்வாசல் வழியாக வந்த விதங்கள் இவை:

1. அளவை மாற்றுவது. விதித்தொகுப்பு காமிக்ஸ் புத்தகத்துக்குத்தான், பெரிய அளவில் வரும் பத்திரிகைக்கு அல்ல. வாரன் நிறுவனம் 1964இல் கறுப்பு வெள்ளைத் திகில் பத்திரிகையைத் தொடங்கியது. மார்வெல் நிறுவனமும் 1973 முதல் 1975 வரை இதே முறையில் ஒரு ஜோம்பி பத்திரிகையை நடத்தியது. அதன் நாயகன் சைமன் கார்த், தடைக்கு முந்தைய ஆண்டான 1953இல் ஒரே ஒரு கதையில் தலைகாட்டிய பிணம். இருபது ஆண்டு கழித்து எழுந்து வந்தான்.

2. பெயரை மாற்றுவது. 1971இல் விதிகளைத் தளர்த்தினார்கள். டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் போன்ற ‘உயர்ந்த இலக்கிய’ மரபில் வந்தால் ரத்தக்காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் அனுமதி. ஜோம்பிக்கு இல்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்கிற நாவல் எதுவும் இல்லை. மார்வெல் என்ன செய்தது? ராபர்ட் ஹோவர்டின் பழைய சிறுகதையிலிருந்து ‘ஜுவெம்பி’ என்ற சொல்லை எடுத்து, ஜோம்பியை அந்தப் பெயரில் அழைத்தது. அதே நடை, அதே வெறித்த பார்வை, பெயர் மட்டும் வேறு. தணிக்கைக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. ஜாதி பார்த்து வீட்டுக்குள் விடுகிற இடத்தில் பெயரை மாற்றிச் சொல்லி நுழைவது போலத்தான்.

3. கடையை மாற்றுவது. 1970களின் பின்பாதியிலிருந்து காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகின. அவற்றுக்கு முத்திரை தேவைப்படவில்லை. விநியோகஸ்தர்களின் பிடி தளர்ந்தது. 1989இல் விதித்தொகுப்பைப் பொதுவான வாசகங்களாகத் திருத்தி எழுதியபோது, அந்தப் பழைய பூதப்பட்டியலே போய்விட்டது.

2003இல் ராபர்ட் கிர்க்மன் எழுதத் தொடங்கி 193 இதழ்கள் ஓடிய நீண்ட ஜோம்பித் தொடர் கறுப்பு வெள்ளையில் வந்தது. அது எடுத்துக்கொண்டது ரொமேரோ வழி: சாம்பல் நிறம், கூட்டம், உயிர் பிழைத்தல். அதற்குப் பின் வந்த பெரும்பாலானவை இந்தச் சாம்பலையே பூசிக்கொண்டன. ‘ஐஜோம்பி’ தனித்துத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். எல்லோரும் மழைக்கால வானம் வரைந்துகொண்டிருந்தபோது அது பொங்கல் வாழ்த்து அட்டையின் வண்ணத்தில் வந்தது.

பழசு என்பது எங்கே இருக்கிறது?

பழைய காமிக்ஸின் தோற்றம் யாருடைய ரசனையாலும் உருவானதல்ல. அச்சகத்தின் ஏழ்மையால் உருவானது. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று மைகள், கோட்டுக்குக் கறுப்பு. ஒவ்வொரு வண்ண மையையும் நான்கு நிலையில்தான் பயன்படுத்தலாம்: இல்லை, 25 விழுக்காடு, 50 விழுக்காடு, முழுசு. நான்கை நான்கால் பெருக்கி மீண்டும் நான்கால் பெருக்கினால் 64. காகித வெள்ளையையும் சேர்த்து ஓவியருக்குக் கிடைத்த உலகம் மொத்தம் 64 நிறங்கள்.

25 விழுக்காடு நீலம் என்று தனி மை கிடையாது. நீலத்தைச் சிறு புள்ளிகளாக இடைவெளி விட்டு அச்சிட்டால் கண் அதை வெளிர்நீலமாகச் சேர்த்துக்கொள்ளும். ‘பென் டே’ புள்ளி என்பது இதுதான்; பெஞ்சமின் டே என்பவர் 1879இல் கொண்டுவந்த முறையின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. மட்டமான செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும். அச்சுத் தகடு அரை மில்லிமீட்டர் விலகினால் உதட்டுச் சாயம் கன்னத்துக்குப் போய்விடும். மரக்கூழின் லிக்னின் காரணமாகத் தாள் நாளடைவில் மஞ்சளாகும்.

இந்த 64 நிறங்களைத் தகட்டில் ஏற்றியவர்கள் யார்? வண்ணக்காரர் ஓவியத்தின் நகலில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறியீட்டை எழுதித் தருவார். அதைப் பார்த்து ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகக் கையால் பூசித் தகடு தயாரிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தது கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் நகரிலிருந்த ஒரு நிறுவனம். அங்கே மேசைகளில் குனிந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புத்தகத்தில் அவர்கள் பெயர் எங்கும் வராது. இசி நிறுவனத்தின் வண்ணக்காரரும் ஒரு பெண்தான், மேரி செவரின். அளவுக்கு மீறிக் கோரமான கட்டங்களை அவர் ஒரே இருண்ட நிறத்தில் மூழ்கவைத்துவிடுவார் என்று அங்கிருந்தவர்கள் சொல்வதுண்டு. விதித்தொகுப்பு வருவதற்கு முன்பே அவர் தூரிகை ஒரு தணிக்கை நடத்தியிருக்கிறது, அதுவும் அதைவிட நயமாக.

லாரா ஆல்ரெட் இந்த வரிசையில் வருகிறவர். 2012இல் சிறந்த வண்ணத்துக்கான, காமிக்ஸ் துறையின் பெரிய விருதான ஐஸ்னர் விருது ‘ஐஜோம்பி’யையும் இன்னொரு படைப்பையும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது. இப்போது 64 நிறக் கட்டுப்பாடு இல்லை, கணினியில் லட்சக்கணக்கில் நிறங்கள் கிடைக்கின்றன. அவ்வளவு இருந்தும் தட்டை நிறத்தில் நிற்பது ஒரு தேர்வு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘பழைய பாணி’ என்ற பெயரில் வரும் பல காமிக்ஸ்கள் கணினியில் மஞ்சள் கறையையும் புள்ளிகளையும் மேலே தூவிவிட்டு முடித்துக்கொள்கின்றன. புதுப் பித்தளைக் குடத்தில் களிம்பு பூசிப் பழம்பொருள் என்று விற்பது போல. மைக் ஆல்ரெட்டின் பழமை கறையில் இல்லை, கோட்டில் இருக்கிறது. நிழலைக் குறைத்து, உருவத்தை ஒரே கோட்டில் சுற்றி அடைக்கும் முறை அது. பழைய வேலைக்காரர்கள் அப்படி வரைந்தது மட்டமான அச்சிலும் உருவம் கலங்காமல் நிற்க வேண்டும் என்பதற்காக. ஆல்ரெட் நல்ல தாளிலும் அப்படியே வரைகிறார்.

எதற்காக? எனக்குத் தோன்றும் பதில் இரண்டாவது கதாநாயகியிடம் இருக்கிறது.

க்வென், எல்லி

அமெரிக்கக் காமிக்ஸுக்குப் பெண் ஜோடி புதிதல்ல. ஆர்ச்சி நிறுவனம் பெட்டி, வெரோனிகா இருவருக்கும் 1950இலேயே தனிப் புத்தகம் கொடுத்தது. பின்னாளில் மார்வெல் என்றான நிறுவனம் பேட்ஸி, ஹெடி என்ற இருவரை வைத்து 1952 முதல் 1967 வரை ஓட்டியது. ஆனால் இந்த ஜோடிகளின் இயந்திரம் ஒன்றுதான்: இருவருக்கும் நடுவில் ஒரு பையன். அவன் இல்லாவிட்டால் கதை நகராது. தோழிகள் என்று பெயர், தொழில் போட்டி.

க்வென்னும் எல்லியும் அப்படி இல்லை. ஓரகன் மாநிலத்தின் யூஜீன் என்ற பல்கலைக்கழக ஊர். க்வென் அங்கே ஓர் இயற்கைக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறாள். பிணத்துக்கு ரசாயனம் ஏற்றாமல் புதைக்கிற இடம் அது, எனவே மூளை கெடாமல் கிடைக்கும். (ஜோம்பிக்கும் நஞ்சில்லா உணவு வேண்டும்தானே.) மாதம் ஒன்று சாப்பிடாவிட்டால் அவளுடைய நினைவுகள் மங்கத் தொடங்கும். சாப்பிட்டாலோ செத்தவரின் நினைவுகள் அவளுக்குள் வந்துவிடும். அவர்கள் முடிக்காமல் விட்ட காரியத்தை முடித்துக்கொடுக்கும் கடனும் சேர்ந்து வரும்.

எல்லி 1960களில் இளம்வயதிலேயே இறந்துபோனவள். அன்றைய உடையிலேயே இருக்கிறாள், உலகத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதி அன்றைக்கே நின்றுவிட்டது. இவர்களோடு ஸ்காட் என்றொரு நண்பன். முழுநிலவு அன்று ஓநாயாக மாறுவதற்குப் பதில் டெரியர் நாய்க்குட்டியின் அளவில் நின்றுவிடுகிற அப்பாவி.

இதற்கெல்லாம் ராபர்சன் ஒரு இலக்கணம் வைத்திருக்கிறார். மனிதருக்கு இரண்டு ஆன்மாக்கள் என்று கதையில் ஒரு பழைய மம்மி விளக்குகிறது. மேல் ஆன்மா மூளையில் இருக்கிறது. நினைவும் எண்ணமும் அதனுடையவை. கீழ் ஆன்மா இதயத்தில். பசியும் பயமும் அதனுடையவை. மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்:

1. உடல் இல்லாத மேல் ஆன்மா: ஆவி. எல்லி இந்த வகை.

2. உடல் இல்லாத கீழ் ஆன்மா: சாமான்களை வீசி எறியும் குட்டிச்சாத்தான் வகை.

3. செத்த உடலில் கீழ் ஆன்மா மட்டும்: ஜோம்பி. பசி உண்டு, நினைவு இல்லை.

4. செத்த உடலில் மேல் ஆன்மா மட்டும்: ரத்தக்காட்டேரி. நினைவு உண்டு, ஈரம் இல்லை.

5. செத்த உடலில் இரண்டுமே: மீண்டு வந்தவர். க்வென் உண்மையில் இந்த வகை.

ஆக, தலைப்பே ஒரு பொய். அவள் ஜோம்பியே அல்ல. நம் கணக்கில் வேதாளத்துக்கு நெருங்கிய உறவு. செத்த உடலுக்குள் விழித்திருக்கும் புத்தி. அவளுடைய பயமெல்லாம் ஒன்றுதான்: ஒரு மாதம் தவறினால் மூன்றாம் எண்ணுக்கு வழுக்கிவிடுவோம். நாம் ‘நடைப்பிணம்’ என்று சொல்கிற பொருளுக்கும் அமெரிக்கர்கள் சொல்கிற பொருளுக்கும் இடையில் அவள் நிற்கிறாள்.

இப்போது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருத்திக்கு உடல் இருக்கிறது, நினைவு நிற்பதில்லை. இன்னொருத்திக்கு நினைவு இருக்கிறது, உடல் இல்லை. அந்த நினைவும் 1960களைத் தாண்டுவதில்லை. ஒருவருக்கு இல்லாதது மற்றவரிடம் இருக்கிறது. நடுவில் பையன் தேவைப்படவில்லை. பழைய பாணி ஓவியம் இங்கே ஒப்பனையாக இல்லாமல் போவதும் இதனால்தான். அந்தக் கோடும் வண்ணமும் எல்லியின் கண்ணுக்குப் பழகிய உலகம். கதையில் ஒருத்தி மெய்யாகவே அந்தக் காலத்தில் குடியிருக்கிறாள்.

குறையும் சொல்ல வேண்டும். ரத்தக்காட்டேரிகள் நடத்தும் பெயின்ட்பால் கடை, பூதவேட்டைக்காரர்களின் ரகசிய நிறுவனம், உலகத்தை விழுங்க வரும் வான்பூதம் என்று ராபர்சன் அடுக்கிக்கொண்டே போகிறார். முதல் பத்து இதழ்களில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது. பின்பாதியில் கூட்டம் நெரிசலாகிவிடுகிறது. 28இல் முடித்தது அவசர முடிப்பாகவே தெரிகிறது.

தொலைக்காட்சியில் எது கழன்றது?

2015 மார்ச் 17 அன்று சிடபிள்யூ அலைவரிசையில் தொடர் ஆரம்பித்தது. ஐந்து பருவங்கள் ஓடி 2019இல் முடிந்தது. தலைப்புக் காட்சியை ஆல்ரெட்டே வரைந்தார். ஆனால் உள்ளே நுழைந்தால் ஊர் சியாட்டில், நாயகி லிவ் மோர் என்ற மருத்துவர், வேலை பிணவறையில். கொலையுண்டவரின் மூளையைச் சாப்பிட்டு, கிடைத்த காட்சிகளை வைத்துப் போலீஸ்காரருக்குத் துப்புக் கொடுக்கிறாள். எல்லி இல்லை. இரண்டு ஆன்மா இலக்கணமும் இல்லை, அந்த இடத்தில் வைரஸ்.

தொடர் சுவாரசியமானதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் எல்லி போனதும் பழைய பாணிக்குக் கதைக்குள் வேலை இல்லாமல் போனதைப் பாருங்கள். அது தலைப்புக் காட்சியிலும், இடையிடையே காமிக்ஸ் கட்டமாக உறையும் சில நொடிகளிலும் ஒதுங்கிக்கொண்டது. தொடர் வழியாக வந்தவர்கள் காமிக்ஸைத் திறந்ததும் ஏன் திகைக்கிறார்கள் என்பதற்கு விடை இதுதான்: அவர்களுக்குப் பாதிக் கதாநாயகியைத்தான் காட்டியிருந்தார்கள்.

தடை போட்டவர் வீட்டிலேயே

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. விதித்தொகுப்பை நடத்திய பதிப்பாளர் சங்கத்துக்கு இருபத்தைந்து ஆண்டுகள் தலைவராக இருந்தவர் ஜான் கோல்ட்வாட்டர். ஆர்ச்சி நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். நம் ஊர் ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் தடித்தடியாகக் கிடந்த அதே ஆர்ச்சி. நடைப்பிணத்துக்குக் கதவைச் சாத்தியவர்களில் முன்வரிசையில் நின்ற நிறுவனம்.

2013 அக்டோபரில் அதே நிறுவனம் ஆர்ச்சி கதைகள் நடக்கும் ரிவர்டேல் ஊர் முழுக்க ஜோம்பிகளை இறக்கி ஒரு தொடரைத் தொடங்கியது. எழுத்து ராபர்டோ அகீரே-சகாசா, ஓவியம் ஃபிரான்செஸ்கோ ஃபிரான்கவில்லா. கார் மோதிச் செத்த நாயை மந்திரத்தால் எழுப்பப்போய் விவகாரம் ஊருக்குப் பரவுகிறது. முதல் ஜோம்பி ஆர்ச்சியின் நண்பன் ஜக்ஹெட், எந்நேரமும் தின்றுகொண்டிருந்தவனுக்கு வந்த பொருத்தமான விதி. பையனுக்காக அறுபது ஆண்டு முறைத்துக்கொண்டிருந்த பெட்டியும் வெரோனிகாவும், வெரோனிகாவின் குடும்ப மாளிகையில் அடைபட்டு உயிர் பிழைக்க வேண்டிவருகிறது. இதுவும் பழைய பாணிதான், ஆனால் வேறு பழசு: ஆரஞ்சும் கறுப்புமாக, பழைய திகில் சினிமாச் சுவரொட்டியின் நிறம். ஆல்ரெட் வரைந்தது தடைக்குள் வாழ்ந்த காமிக்ஸின் முகத்தை. ஃபிரான்கவில்லா வரைந்தது தடை அடக்கிவைத்த இருட்டை.

இவை இரண்டுக்கும் நடுவில்தான் அந்த முத்திரை செத்தது. மார்வெல் 2001இலேயே அதைக் கைவிட்டிருந்தது. கடைசி வரை வைத்திருந்தவை டிசியும் ஆர்ச்சியும். 2011 ஜனவரியில் டிசி விலகுவதாக அறிவித்தது, அடுத்த நாளே ஆர்ச்சியும். பெரியவர்களுக்கான வெர்டிகோ புத்தகங்கள் முன்பிருந்தே முத்திரை வாங்கியதில்லை. ஆக, ‘ஐஜோம்பி’யின் முதல் சில இதழ்கள் வந்தபோது, அதே கடையின் அடுத்த தட்டில், அதே டிசியின் வேறு சில புத்தகங்களின் அட்டை மூலையில் அந்தத் தபால்தலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.